கூப்பிடாமல் வந்தவர்

மூன்றே வாக்கியம் என்றார் வக்கீல். கதவு தாழிட்டிருந்தது. பலகை மாட்டியிருந்தது. வந்தவரை எனக்குத் தெரியாது. இதற்கு மேல் வாயைத் திறந்தால் வழக்கு நாயோடு நிற்காது, சங்கிலியைப் பிடித்திருந்தவன் தலையில் வந்து விழும் என்றார்.

சங்கிலியைப் பிடித்திருந்தவன் காவலாளிதான். அந்த மர அறுவை மில்லில் பதினோரு வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. லாரி வந்தால் பெரிய கதவைத் திறப்பான். வேலை நேரம் முடிந்ததும், விடுமுறை நாள் முழுக்கவும், நாய்களை அவிழ்த்துவிடுவான். நாய்கள் இரண்டு. மூத்தது பெரியவன், இளையது சின்னவன். உடம்பில் அது தலைகீழ். சின்னவன் எழுந்து நின்றால் முன்னங்கால் காவலாளியின் தோளுக்கு வரும். கடித்தது சின்னவன்.

கடிபட்டவர் அதே மில்லில் முப்பத்திரண்டு வருஷம் கட்டை அளந்தவர். அளவுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. கடைசி இரண்டு வருஷமாக, ஓய்வு பெற்றதே அவருக்கு மறந்துபோனது. காலை எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேலைக்கு வந்துவிடுவார். சின்னக் கதவின் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. கையை உள்ளே விட்டு மணிக்கட்டை இடப்பக்கம் திருப்பினால் தாழ்ப்பாள் நகரும். பழைய ஆட்களுக்கு மட்டும் தெரிந்த திருப்பல் அது. பேத்தியின் பெயர் மறந்தவருக்கு அது மறக்கவில்லை.

முதல் நாள் காவலாளி அவரை வெளியே அனுப்பப் பார்த்தான். அவர் நடுத்தெருவில் நின்று அழுதார். தான் என்ன தப்புச் செய்தேன், எதற்காக நிறுத்தினீர்கள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். மறுநாள் காவலாளி, அறையில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த பழைய வருகைப் பதிவேடு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து அவர் முன் விரித்தான். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றி, நீட்டினான். லாரிக்காரர்கள் பேனாவைக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்று அதை ஒரு நூலால் பொத்தானோடு கட்டிவைத்திருந்தான். நூல் குட்டை. அவர் கையெழுத்துப் போட வேண்டுமானால் இவன் குனிய வேண்டும். இரண்டு தலையும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும்.

"நூலுக்குக்கூடக் கஞ்சத்தனமா தம்பி?" என்று அவர் தினமும் கேட்பார். தினமும் அவருக்கு அது புதுக் கேள்வி.

கையெழுத்துப் போட்டதும் ஒரே ஒரு கட்டையை அளப்பார். அதன் முகத்தில் சாக்கட்டியால் எண் எழுதுவார். பிறகு காவலாளி, இன்றைக்கு லோடு வரவில்லை அண்ணே, நாளைக்கு வாங்க என்பான். அவர் போய்விடுவார். மொத்தம் பத்து நிமிஷம். மில் ஆட்களுக்குத் தெரியும். உனக்குக் கீழேயும் ஒரு ஆள் சேர்ந்துட்டாரே என்று சிரிப்பார்கள். முதலாளி பத்து மணிக்கு வருகிறவர். அவருக்குத் தெரியாது.

அளவுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் காவலாளி ஏழே முக்காலுக்கு நாய்களைக் கட்டுவான். அவர் போன பிறகு அவிழ்த்துவிடுவான். இரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறு தவறவில்லை.

தவறிய ஞாயிறு ஒன்றுதான்.

*

முதலாளி மூன்றாம் நாள் வக்கீலோடு வந்தார். அதற்குள் புதுப் பலகை எழுதி வந்திருந்தது. பழைய பலகை துருப்பிடித்து விழுந்து எத்தனையோ வருஷமாயிற்று. 'காவல் நாய்கள் உண்டு. அனுமதியின்றி உள்ளே வராதீர்.' படம் எடுத்தார்கள். படத்தில் பலகை நேற்றுப் பிறந்தது மாதிரி பளபளத்தது. முதலாளியின் மச்சான் கொஞ்சம் சேற்றை அள்ளி அதன்மேல் பூசி, துடைத்து, மறுபடி எடுக்கச் சொன்னான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது காவலாளி.

அதன் பிறகு வக்கீல் அவனை உட்காரவைத்துச் சட்டம் சொன்னார். பொறுமையான மனிதர். மேசைமேல் இரண்டு விரலை அகலமாக வைத்தார்.

"கூப்பிட்டு வந்தவரை நாய் கடிச்சா நம்ம பொறுப்பு. சுவர் ஏறிக் குதிச்சு வந்தவரைக் கடிச்சா, பலகையும் இருக்கு, தாழ்ப்பாளும் இருக்கு, நாம தப்பிச்சுக்கலாம். நடுவுல இன்னொருத்தர் இருக்காரு. அவரைக் கூப்பிடவும் இல்ல, தடுக்கவும் இல்ல. தினமும் வர்றாரு, தினமும் விடுறோம். சட்டத்துக்கு அவரும் கூப்பிட்டவருதான்." இரண்டு விரலையும் ஒன்றாகச் சேர்த்தார். "அந்த நோட்டு எங்க?"

மில் ஆட்களில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காவலாளி தலையைக் குனிந்துகொண்டான்.

முதலாளி சத்தம் போடவில்லை. தனக்குத் தெரியாமல், தன்னைக் கேட்காமல், தன் இடத்தில் ஆள் விட்டவன் அவன் என்று மட்டும் சொன்னார். நோட்டு வெளியே வந்தால் தான் அதைத்தான் சொல்வேன் என்றார். வெளியே வராவிட்டால் அறை அவனுக்கு, வேலை அவனுக்கு. "உன் பொண்டாட்டியை வச்சுக்கிட்டு எந்த மாடி ஏறுவ?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

மனைவி இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகக் கட்டிலில் கிடந்தாள். மில்லின் மூலையிலிருந்த ஓர் அறைதான் வீடு. கட்டிலிலிருந்து குளியலறை ஏழு அடி. அந்த ஏழு அடிக்கும் அவன்தான் தூக்க வேண்டும். தேவையென்றால் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். அவன் கேட்டிலிருந்து ஓடி வருவான்.

அன்று சாயங்காலம் மரத்தூள் அடுப்பைப் பற்றவைத்து நோட்டைத் தாள் தாளாகக் கிழித்துப் போட்டான். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கையெழுத்தா?"

கடைசித் தாளில் சனிக்கிழமைக் கையெழுத்து இருந்தது. அதன் கீழ்வரி காலி. அந்தத் தாள் ஈரம் ஏறியிருந்ததால் எரிய நேரம் எடுத்தது. மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

*

அளவுக்காரரின் மகள் வந்தது இரண்டு மாதம் கழித்து. துணி வெளுக்கிற கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். பலகையிலிருந்து பத்தடி தள்ளி, எதிர்ப்பக்கத் தெரு விளிம்பில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். காவலாளி வெளியே போனான்.

கடிவாய் புரையோடி, முழங்காலுக்குக் கீழே இடதுகாலை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவனுக்குத் தெரியும். அதன் பிறகு சொன்னது தெரியாது.

"காலையில ஏழரை ஆனா வேலைக்குக் கிளம்புறாரு, சித்தப்பா. கால் இல்லைங்கறது ஞாபகத்துல இல்ல. எழுந்து நிக்குறாரு, விழுறாரு. தினமும் விழுறாரு. கட்டிப்போட்டா அழறாரு."

அவள் வேலைக்குப் போய் இரண்டு மாதமாயிற்று. செயற்கைக் கால் வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், வழக்கில் ஜெயித்தால்தான் இரண்டும் என்றாள். அவர் எங்கே போகிறார் என்று தனக்கு முன்பே தெரியும் என்பதையும் அவளே சொன்னாள். அவர் மில்லுக்குப் போய்வரும் அந்த நேரத்தில்தான் அவளால் சமைத்து, குளித்து, பக்கத்து வீட்டு அம்மாளிடம் சாவி கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க முடிந்தது. "எனக்கும் அது வசதியா இருந்துச்சு," என்றாள். அதைச் சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை.

பிறகு கேட்டாள்.

"தினமும் கையெழுத்துப் போட்டேன், நோட்டைப் பாருங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு. எங்க வக்கீல் எழுதிக்கக்கூட மாட்டேங்கறாரு. அப்படி ஒரு நோட்டு இருக்கா சித்தப்பா?"

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. காவலாளி அந்தப் பக்கம் திரும்பினான்.

"அவருக்குத்தான் நினைவு சரியில்லையேம்மா."

அவள் தலையாட்டினாள். அதுவும் சரிதான் என்பதுபோல. பலகையை ஒருமுறை படித்துவிட்டுப் போனாள்.

*

நீதிமன்ற அறை சின்னது. ஒரு மின்விசிறி, இரண்டு பெஞ்சு, துணியில் கட்டிய கோப்புகள். சாட்சி நிற்கிற இடம் முதல் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே. சக்கர நாற்காலி பெஞ்சுக்கு நடுவில் நுழையாததால் அளவுக்காரரை அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. வேலைக்குப் போகிற சட்டை. பையில் சாக்கட்டி. கால்சட்டையின் இடதுகாலை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. வலதுகாலில் ஷூ பளபளத்தது.

காவலாளி அவரைப் பார்க்காமல் போய் நின்றான். நீதிபதி ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். முதலாளியின் வக்கீல் மெதுவாகக் கேட்டார், குழந்தைக்குப் பாடம் ஒப்பிக்க வைப்பது மாதிரி.

"அன்னைக்குக் கதவு?"

"தாழிட்டிருந்துச்சுங்க."

"எச்சரிக்கைப் பலகை?"

"மாட்டியிருந்துச்சுங்க."

"இதோ இருக்காரே, இவரை முன்னாடியே உங்களுக்குத்…"

"தம்பி," என்றார் அளவுக்காரர். "நோட்டைக் குடு. நேரமாச்சு."

மகள் அவர் தோளை அழுத்தினாள். அவர் கையை நீட்டிவிட்டிருந்தார்.

அப்போது காவலாளி எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். இடதுகை சட்டைப் பைக்குப் போனது. பல் மூடியைக் கழற்றியது. முதுகு குனிந்தது. நூல் எட்டுகிற இடம் வரை குனிந்து, பேனாவை அவர் விரலுக்கிடையில் வைத்துவிட்டுத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. இரண்டு தலையும் முட்டிக்கொள்ளும் நெருக்கத்தில் இருந்தன. வாயில் பேனா மூடி.

"நூலுக்குக்கூடக் கஞ்சத்தனமா தம்பி?" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. அவர் மடியைப் பார்த்தார், நாற்காலியின் கையைப் பார்த்தார். "நோட்டு எங்க?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"இவரைத் தெரியாதுன்னா சொல்ல வந்தீங்க?"

காவலாளி மூடியை வாயிலிருந்து எடுத்தான். நிமிர முடியவில்லை. பேனா அவர் கையில், நூல் அவன் சட்டையில். குனிந்தபடியே சொன்னான்.

"தெரியும்மா. ரெண்டு வருஷமாத் தினமும் வர்றவரு. நான்தான் கையெழுத்து வாங்குவேன்."

முதலாளியின் வக்கீல் எழுந்து எதையோ சொன்னார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். நோட்டு எங்கே என்று கேட்டார்.

"எரிச்சிட்டேன்."

"யார் சொல்லி?"

முதலாளி தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதலாளி சொன்னாரு. எரிச்சது நான்." பலகை நாய் கடித்த பிறகுதான் வந்தது, சேறு பூசினோம், ஏணியை நான் பிடித்தேன் என்றும் சொன்னான். ஆரம்பித்துவிட்டான். இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது. மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்று மிச்சமிருந்தது.

"அன்னைக்கு நல்ல மழைம்மா. ஏழே முக்காலுக்கு நாயைக் கட்டணும். இந்த மழையில யாரு வரப்போறாங்கன்னு விட்டுட்டேன். டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு. காத்துன்னு நெனச்சேன்." நூலைப் பார்த்தான். "காத்துன்னு நெனச்சுக்கணும்னு நெனச்சேன்."

அப்படியானால் பொறுப்பு முழுக்க இந்த ஆளுடையதுதான், முதலாளிக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றார் வக்கீல். மூன்றாம் நாள் முதலாளி சொன்னபடியே சொன்னார், ஒரு சொல் குறையாமல்.

"நாய் யாரோடது?" என்று நீதிபதி கேட்டார்.

"முதலாளியோடதும்மா," என்றான் காவலாளி.

அவர் அதை எழுதிக்கொண்டார். எழுதியதன் அர்த்தம் என்னவென்று யாரும் சொல்லவில்லை. அடுத்த தேதி ஐந்து வாரம் தள்ளிப் போட்டார்கள். நோட்டை எரித்ததற்கும் பொய் சொன்னதற்கும் தனியாக விசாரணை வரும், ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று காவலாளியிடம் சொன்னார்கள். போவதற்கு அவனுக்கு எந்த ஊர் இருக்கிறது.

மகள் அப்பாவின் கையிலிருந்து பேனாவைப் பிரிக்கப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை. காவலாளி பொத்தானில் இருந்த முடிச்சை அவிழ்த்தான். இறுகிப்போன முடிச்சு. நகத்தால் பிய்க்க வேண்டியிருந்தது. பேனாவை அவரிடமே விட்டுவிட்டான். மகள் அவனை நேராகப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவனிடம் பேனா இல்லை. குமாஸ்தா தன்னுடையதைக் கொடுத்து, போட்டதும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

*

முதலாளியின் காரில்தான் அவனைக் கூட்டிவந்திருந்தார்கள். திரும்பக் கூட்டிப்போகக் கார் நிற்கவில்லை. பஸ் மாறி, பாதி தூரம் நடந்து மில்லுக்கு வந்தபோது மணி மூன்று. சுவரை ஒட்டி வெளியே அவனுடைய டிரங்குப் பெட்டி கிடந்தது. அதன்மேல் வாளி. அதன்மேல் மரத்தூள் அடுப்பு, பாதிச் சாம்பலோடு.

சின்னக் கதவைத் தட்டினான். உள்ளே சங்கிலி இழுபடும் சத்தம். முதலாளியின் மச்சான் குரல் கொடுத்தான்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா யாரு?"

விளையாட்டு இல்லை என்று புரிந்தது. ஓட்டை வழியாகப் பார்த்தான். மச்சான் சின்னவனைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு நின்றான். பழக்கமில்லாத கை. சங்கிலியை மிக நெருக்கிப் பிடித்திருந்தான். அப்படிப் பிடித்தால் அதற்கு மூச்சு முட்டும், வெறி வரும். அதைச் சொல்லலாமா என்று காவலாளி ஒரு கணம் நினைத்தான்.

மனைவியைக் கேட்டான். அவள் உள்ளேதான் இருக்கிறாள், ஆம்புலன்ஸ் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போ, அந்த ஆட்கள் உள்ளே வரலாம், நீ வரக்கூடாது என்றான் மச்சான்.

"அவளை இத்தனை மாசமா நான்தான் தூக்கறேன். வேற ஆள் கை பட்டா வலிக்கும். ஒரு தடவை உள்ள விடு. தூக்கிட்டு வந்துடறேன்."

"பலகை இருக்கு. நீயே ஏணி பிடிச்சு மாட்டின பலகை. படிச்சுக்க."

"வந்தா?"

"வந்தா உன் பொறுப்பு."

நீதிமன்றத்தில் எல்லோரும் எழுதிக்கொண்ட சொல் அது. காவலாளி அங்கேயே நின்றான். சின்னவன் அவன் வாசனையைக் கண்டு முனகியது. நாலு வருஷமாக அவன் கையால் தின்றது. அளவுக்காரரையும் அது இரண்டு வருஷம் தினமும் பார்த்ததுதான்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டம்ளர், கட்டில் கம்பி. முதலில் நின்று நின்று. பிறகு விடாமல்.

அவன் சட்டைக் கையை முழங்கை வரை மடித்தான். ஓட்டைக்குள் கையை விட்டான். தகட்டின் விளிம்பு மணிக்கட்டில் சில்லென்று பட்டது.

"சொல்லிட்டேன்," என்றான் மச்சான். "நான் கூப்பிடல."

சங்கிலிக் கொக்கி கழலும் சத்தம் கேட்டது. காவலாளி மணிக்கட்டை இடப்பக்கம் திருப்பினான்.